ஈரக் கரி

முப்பத்தொரு வருஷம் எடை மேடையில் இருந்தேன்,
பித்தோம் நகர நிலக்கரிக் கிடங்கில்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
காலியாகத் திரும்பும்போது ஓர் எடை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கரி.

திருட்டில் பாதி தண்ணீரில் நடக்கும்.
ராத்திரி குழாயைத் திறந்துவிட்டு
விடிந்ததும் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.
ஒரு கட்டியைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும் எனக்கு.
பேரேட்டில் சிவப்பு மையில் எழுதுவேன்:
ஈரம். கழிக்கவும்.
கெர்ட்ருடாவிடம் ஈரக் கரி செல்லாது என்று
டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது.

இப்போது குளியலறையில் ஒரு சின்னத் தராசு.
எழுந்து, சிறுநீர் கழித்து, ரொட்டிக்கு முன்னால்,
தினமும் அதே இரவு உடுப்பில் ஏறி நிற்க வேண்டும்.
உடுப்பு இருநூற்றுப் பத்து கிராம்.
அதைத் தனியாக நிறுத்து வைத்திருக்கிறேன்.

டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண்.
இதயம் செயலிழந்தது என்று பெயர்தான் அப்படி,
நின்றுபோகவில்லை அம்மா, என்றாள்.
வருகிற ரத்தம் முழுவதையும் தள்ளிவிட அதற்குத் தெம்பில்லை.
மிஞ்சியது பின்னால் தேங்குகிறது,
சிக்னல் விழாத தண்டவாளத்தில் வண்டிகள் நிற்பது போல.
தண்டவாளம் நான் சேர்த்தது. அவள் குழாய் என்றுதான் சொன்னாள்.
தேங்கியது கசியும்,
நுரையீரலுக்குள், கணுக்காலுக்குள்.
ஒரு துடிப்புக்கு நூற்றுக்கு முப்பத்தைந்துதான் வெளியே போகிறதாம்.
தேறிவிட்டேனா என்று கேட்டேன்.
நல்ல இதயமே அறுபது சொச்சம்தான் வாங்கும் என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல்:
மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் செய்யுங்கள்.
மூச்சு முட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

திங்கட்கிழமை அறுபத்திரண்டு.
செவ்வாய் அறுபத்திரண்டு எண்ணூறு.
நோட்டில் அறுபத்திரண்டு என்று எழுதினேன்.
புதன் அறுபத்து மூன்று அறுநூறு.
அறுபத்திரண்டு நூறு என்று எழுதினேன்,
ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வருமே.

வியாழக்கிழமை பார்பரா திருநாள்.
அலோய்ஸ் ஊர்வலத்தில் நடக்க வேண்டும்.
அவனுடைய கறுப்புக் கோட்டில் இரண்டு பொத்தான்கள் தைத்தேன்,
எட்டுப் பேருக்குப் புளித்த முட்டைக்கோஸ் சூப் வைத்தேன்,
உப்பு சரிதானா என்று
ஐந்து தடவை ருசி பார்த்தேன்.
ஐந்து தடவைக்கு மேலும் இருக்கும்.
நீர் மாத்திரையை மதியம் தள்ளிவைத்தேன்,
இறைச்சிக் கடை வரிசையில் நிற்கிறவள்
எத்தனை முறை கழிப்பறைக்கு ஓடுவது?

ராத்திரி ஒரு தலையணை, இரண்டு, மூன்று.
மூன்றும் போதவில்லை.
படுத்தால் யாரோ மார்பின் மேல் மூட்டையை இறக்குகிறார்கள்.
எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
கெண்டைக்காலில் காலுறையின் தடம் கயிறு கட்டியது போல.
முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.
குழி அப்படியே நின்றது.
நிரம்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதைவிட மோசமான சரக்கையா
நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்?

ஐந்தரை மணிக்குத் தெருவில் பேண்டு வந்துவிட்டது,
சுரங்கக்காரர்களை எழுப்ப.
சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிறது,
ஆனாலும் வந்து ஊதுகிறார்கள்.
அலோய்ஸ் தலையில் இறகு வைத்த தொப்பியோடு வந்தான்,
வாயில் பல்செட் இல்லாமல்.
என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.
இறகு சூப்பில் பட்டது.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.
சிவப்புப் பேனா அகப்படவில்லை, பச்சை இருந்தது.
இரண்டு எண்களை அடித்து, பக்கத்தில் சரியானவற்றை எழுதி,
கையெழுத்தும் போட்டேன். பழக்கம்.

அவசர எண்ணில் இருந்த பெண் எடை கேட்டாள்.
அறுபத்து நாலு முந்நூறு, என்றேன்.
எப்போதிலிருந்து ஏறுகிறது?
செவ்வாய். தராசில். தப்பில்லை.
எழுதினவள். தப்பு.
இரண்டிரண்டு சொல்லாகத்தான் வந்தது.
வண்டி கிளம்பிவிட்டது, உட்கார்ந்தே இருங்கள், என்றாள்.
அங்கே அது என்ன சத்தம்?

டியூபா, என்றேன்.
அதற்கு. மூச்சு. நிறைய வேண்டும்.